நடுச்சீட்டு

ஓட்டு இடுக்கில் இறங்கும் நண்பகல் வெயில் பாயில் கிடக்கும் சீட்டுகளின்மேல் விழுகிறது. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் திறக்கும் மூன்றும் இருவருக்கும் பொது. போன தையில், மைசூர் எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கிவந்த சாராயத்தைத் தன் அண்ணனுக்கு ஊற்றிக் கொடுத்து, இதே ஆட்டத்தில் அவனுடைய செவலைக் காளையைப் பறித்துக்கொண்டான் நாராயணப்பன். அதிலிருந்து அண்ணன் தெருவில் தலைகாட்டுவதில்லை. இன்று அண்ணன் மனைவி ஜோதியம்மாள் அந்தச் செவலைக்கு எதிராக, மிச்சமிருக்கும் ஒற்றைக் காளையைப் பந்தயம் வைத்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாராயணப்பன் கடைசி நடுச்சீட்டைப் புரட்டுகிறான். ராஜா. தன் கையிலிருக்கும் ராஜாவை அதன் பக்கத்தில் அறைகிறான். "ஜோடி! போய் மாட்ட அவுத்துக்கினு வா, அண்ணி." அவள் தன் இரண்டு சீட்டையும் நிதானமாக மல்லாத்துகிறாள். இரண்டும் ராஜா. நடுவில் கிடப்பதோடு சேர்த்து மூன்று. அவன் சிரிப்பு வாயிலேயே காய்கிறது. "செவலைய சாயங்காலம் ஆள்கிட்ட அனுப்பறேன்" என்கிறான். "ஆளு எதுக்கு? இன்னிக்கு தேன்கனிக்கோட்டையில சந்த. நீயே கயித்தப் புடிச்சிக்கினு சந்த நடுவால நட. நான் பின்னாலயே வர்றேன்." அவன் எழுந்திருக்கிறான். கடைவாயில் வெற்றிலைச் சாறு ஒழுகுகிறது. துடைத்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை.