குனியாத கண்கள்

தலைகீழாக மாட்டியிருந்த இரண்டு படங்களையும் டீச்சர் நேராகத் திருப்பி வைத்தாள்.

இடது பக்கம், இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதாவின் பழைய ஓவியம், அச்சுப்பிரதி. வலது பக்கம், அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் ஐந்து மாதமாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்துவரும் நகல்.

படத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வரைவது இந்த ஓவிய வகுப்பின் பாடம். நேராக வைத்தால் மனதில் இருக்கிற முகத்தைக் கை வரைந்துவிடும், கவிழ்த்து வைத்தால் கண்ணெதிரே இருக்கிற கோட்டை மட்டும் வரையும் என்பாள் டீச்சர். மருந்துக்கடைக்காரருக்கு மகளாக இருக்கிற வயதுதான் அவளுக்கு. ஆனால் கண்டிப்பில் குறை வைக்கமாட்டாள்.

நீல அங்கியின் மடிப்புகள் அச்சு அசலாக வந்திருந்தன. தொங்கும் கையின் பச்சை படர்ந்த வெளிறல் அச்சுப்பிரதியில்கூட அவ்வளவு சரியாக இல்லை. இந்த நிறத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று பக்கத்தில் பூந்தொட்டி வரைந்துகொண்டிருந்த அம்மாள் கேட்டார். மருந்துக்கடைக்காரர் தூரிகையைத் துடைப்பதில் மும்முரமானார்.

"எல்லாம் சரி சார், கண்ணுல மட்டும் மறுபடியும் கோட்டை விட்டுட்டீங்க. அம்மா குனிஞ்சு பிள்ளையத்தானே பாக்கணும்? இவங்க என்னமோ நம்மள முறைக்கிறாங்களே!"

வகுப்பே சிரித்தது. அவரும் ஒப்புக்குச் சிரித்து வைத்தார்.

இது மூன்றாவது முறை. டர்பன்டைனில் நனைத்த துணியால் இரண்டு கண்களையும் துடைத்தார். எண்ணெய் வண்ணத்தில் அது ஒரு வசதி. ஈரம் காய்வதற்குள் செய்ததை இல்லை என்று ஆக்கிவிடலாம்.

பூந்தொட்டி அம்மாள் விடவில்லை. இரண்டு நாளாகக் கழுத்து வலி, என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார்.

"டாக்டரப் பாருங்க," என்றார்.

மருந்துக்கடை வைத்திருப்பவர் சொல்கிற பதிலா இது என்று அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கியது.

மருந்துக்கடைக்காரர் படங்களை மறுபடியும் கவிழ்த்தார். முகம் என்று நினைக்கவில்லை. தாழ்ந்த இமைக்கு ஒரு வளைவு, அதன் கீழே ஒரு நிழல், அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். படத்திலாவது அவள் ஒரு தடவை குனிந்து மகனைப் பார்த்துவிட்டால் போதும். அதற்காகத்தான் வேறு எந்தப் படமும் வேண்டாம் என்று இதைக் கேட்டு வாங்கினார்.

யாரும் பார்க்காத நேரத்தில் தானே நேராகத் திருப்பினார்.

அதே கண்கள். நேராக அவரையே பார்த்தன.

இந்த முறை துடைக்கவில்லை. துடைத்து என்ன ஆகப்போகிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தார். எப்போதும் செய்வதுபோல, தலைக்கு மேலே பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மகன் இறந்துபோன அன்றைக்குப் பின்சீட்டில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு வந்த அவர் மனைவி, ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு தடவைகூடக் குனியவில்லை. வழி முழுக்க அந்தக் கண்ணாடியில் தெரிந்த அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சாதாக் காய்ச்சல்தான், நம்ம கடை மாத்திரையே போதும்" என்று மூன்று நாளாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.