பச்சைக் கம்பளி

தம்பி போன பிறகு அவனுடைய லேப்டாப்பை அக்காதான் வைத்திருந்தாள். அவன் பாடிய பாட்டு ஒன்று அதில் இருந்தது. பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் லேப்டாப் அடுப்பாய்க் கொதித்து அணைந்துவிடும்.

மெக்கானிக் அடிமூடியைக் கழற்றினார். விசிறி முழுக்கப் பச்சை நிறத்தில் கம்பளிப் பிசிர் அப்பிக் கிடந்தது.

"உள்ள ஆடு எதுவும் வளக்குறீங்களாக்கா? போன மாசம்தானே சுத்தம் பண்ணிக் குடுத்தேன். கம்பளி மேல வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"மேஜையிலதான் வைக்கிறேன். கம்பளி மேல வைக்கிறது என் தம்பி பழக்கம். எவ்வளவு கத்தினாலும் காதுல போட்டுக்க மாட்டான்."

"அந்தக் கம்பளியை எடுத்து உள்ள வைங்க. பிரச்சினை தீந்துது."

அந்தப் பச்சைக் கம்பளி இப்போது வீட்டில் இல்லை. போன வருஷம் தம்பியைப் புதைத்தபோது அதைத்தான் போர்த்தி அனுப்பியிருந்தார்கள்.

மெக்கானிக் பிரஷ்ஷை எடுத்தார். பிசிர் போய்விட்டால் பாட்டை முழுதாகக் கேட்கலாம் என்று அவளுக்கும் தெரியும். வெகுநேரம் அந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். அப்படியே மூடிடுங்க."

"மறுபடி அணைஞ்சிடுமேக்கா."

"அணையட்டும்."

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மேஜையில் வைக்காமல் தம்பியின் கட்டிலில் வைத்தாள். வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். வாசல் கதவை மட்டும் தாழிடாமல் விட்டாள்.