பக்கத்து இருக்கை மேட்

என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன் தன் ஸ்போர்ட்ஸ் காரை விரட்டும்போதெல்லாம், நான் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இல்லாத பிரேக்கை என் வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். "பிரேக் என்கிட்டதான்டா இருக்கு. கால் மேட்ல ஓட்டை போட்டுடாதே" என்று சிரிப்பான். கடைசியில் மாரடைப்பில் போனான், அதுவும் கட்டிலில். அவனுக்கு அது பிடித்திருக்காது.

அவன் போய் இரண்டு வருடமாகிறது. நாளெல்லாம் எக்ஸ்ரே அறையில் நின்றுவிட்டு, என் சின்னக் காரை நாற்பதைத் தாண்டவிடாமல் வீட்டுக்கு ஓட்டி வருகிறேன். வேகமாகப் போய் என்ன செய்யப்போகிறேன்? வீட்டில் யாரும் இல்லை.

நேற்று சர்வீஸில் மெக்கானிக் பக்கத்து இருக்கையின் மேட்டை எடுத்துக் காட்டினார். ஆறு மாதத்துக்கு முன்புதான் மாற்றியது. வலது கால் படும் இடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"பக்கத்துல உட்கார்றவங்க ரொம்ப பயந்தவங்க போல சார். பிரேக் மிதிச்சே தேய்ச்சிருக்காங்க."

"பக்கத்துல யாரும் உட்கார்றதில்லையே."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த மேட்டை டிரைவர் பக்கம் பெடல்களுக்கு அடியில் விரித்து ஒத்துப்பார்த்தார்.

ஓட்டை பிரேக்குக்கு நேராக இல்லை. ஆக்ஸிலரேட்டருக்கு நேராக இருந்தது.