ஸ்டீலா, ரோப்பா?

யாருக்காவது வண்டி சேத்தில மாட்டணும்ண்ணு கர்த்தர்கிட்ட ஜெபம் பண்ணினவன் நான். அதுவும் சபையில, முழங்காலில நின்னு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு.

காரணம் எனக்க ஜீப்பில பூட்டியிருந்த வின்ச். பள்ளத்தில, சேத்தில கெடக்கிற வண்டியை மோட்டார் வச்சு இழுத்துப் போடுற சாமான். அது வந்த நாளில இருந்து ஒரு வண்டிகூட எங்கயும் மாட்டல்ல.

மஸ்கட்டில நான் ஸ்டோர் கீப்பர். "செல்வதாஸ், சாவி எங்க? செல்வதாஸ், போல்ட் எங்க?"ண்ணு எவனாவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். வேலை போய் ஊருக்கு வந்த பிறகு என்னைத் தேடி வந்தது கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் மட்டும்தான். அவரும் மீட்டரைப் பாத்துட்டுப் போயிருவாரு. அப்பதான் இந்த வின்ச் யோசனை வந்தது.

அதுக்கு ஸ்டீல் வடம் போடணுமா, சிந்தெடிக் ரோப் போடணுமா? இந்த ஒரு கேள்வியில ஒரு மழைக்காலமே போச்சு. ஸ்டீல் பாறையில உரசினாலும் தாங்கும். ஆனா அறுந்தா சாட்டை மாதிரி வீசி ஆளையே எடுத்திரும். ரோப் அறுந்தா சிவனேண்ணு கீழ விழும். ஆனா கல்லில உரசினா பிஞ்சு போவும். கடைசியில பெண்டாட்டிகிட்டயே கேட்டேன்.

"ஷைஜா, நீ சொல்லு. ஸ்டீலா, ரோப்பா?"

"மீன்கறியா, தீயலா? முதல்ல நீங்க அதைச் சொல்லுங்க. அடுப்பு எரியுது."

கோட்டாறு கடையில ஜலாலுதீன் பாய்கிட்டயும் இதே கேள்விதான். நாலாவது தடவை போனப்போ அவர் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"எதை வேணாலும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நான் தொழுகைக்குப் போவணும்."

ரோப்பே எடுத்தேன். நல்ல ஆரஞ்சு நிறம்.

பக்கத்து வீட்டுக் கோலப்பன் என்கூட ஒரே பெஞ்சில படிச்சவன். ரப்பர் ஷீட் ஏத்துத பிக்கப் வச்சிருக்கான். டீக்கடை முன்னால வச்சு ரோப்பைத் தடவிப் பாத்தான்.

"நல்ல கயிறு மக்கா. துணி காயப்போடலாம்."

டீக்கடையே சிரிச்சது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கண்ணு அவன் வேற எடுத்துக் குடுத்தான்.

மழை பெய்தா ஜீப்பை எடுத்துக்கிட்டு சுத்துவேன். திற்பரப்பு அருவிக்கு வாற டூரிஸ்ட்காரனுவ இவ்வளவு நல்லா வண்டி ஓட்டுவானுவண்ணு நான் நினைக்கவே இல்ல. வெறுத்துப்போய் திரும்பி வந்து, ஷைஜாகிட்ட ஒரு வார்த்தை பேசாம படுத்துக்கிடுவேன். எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'நீ வந்தாத்தான் ஆவும்'ண்ணு கூப்பிடணும்.

ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. போன் அடிச்சது. கோலப்பன்.

"மக்கா, தோட்டத்து இறக்கத்தில வண்டி மாட்டிக்கிட்டு. உனக்க வின்ச்சைக் கொண்டு வா."

சட்டை பட்டனை ஜீப்பில வச்சுத்தான் போட்டேன்.

ரப்பர் பால்வெட்டுக்காரங்க, டீக்கடை ஆளுவ எல்லாம் கூடி நின்னாங்க. குடை பிடிச்சுக்கிட்டு ஷைஜாவும் வந்துட்டா. நான் கல்ஃப் இங்கிலீஷில ரெண்டு உத்தரவு போட்டு எல்லாரையும் தள்ளி நிறுத்தினேன். ரோப்பை மாட்டி, சுவிட்சை அமுக்கினேன்.

வின்ச் முக்குது, முனகுது. பிக்கப் அசையல்ல. ரோப் ஒரு பாறை விளிம்பில உரசி, பட்டுண்ணு அறுந்து, கோலப்பன் காலடியில வந்து விழுந்தது.

"தள்ளி நில்லுண்ணு சொன்னேனே, கேட்டியா? இது ஸ்டீலா இருந்தா உனக்க காலு இப்போ ஆத்தில கெடக்கும்."

அவன் முகம் வெளிறிப்போச்சு. எனக்கோ, சத்தியமா சொல்லுகேன், சந்தோசம். எனக்க ரோப் ஜெயிச்சிட்டே.

அறுந்ததை முடிச்சுப் போட்டு, ஜீப்பைப் பாறைக்கு இந்தப் பக்கம் மாத்தி நிறுத்தி, மறுபடி இழுத்தேன். பிக்கப் வந்தது. சக்கரம் உருளாம வழுக்கிக்கிட்டே வந்தது. சேறு அப்படித்தான்ண்ணு நினைச்சுக்கிட்டேன். பெரிய வின்ச் நிபுணன் பாருங்க.

கூட்டத்தில ஒருத்தர் வந்து கை குடுத்தாரு. ஷைஜா என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, எங்க கல்யாண ஆல்பத்தில தேடினாலும் அது கிடைக்காது.

ரோட்டை மறிச்சு நின்ன பிக்கப்புக்குப் பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சான். பிக்கப்பை ஓரம் கட்டலாம்ண்ணு நானே ஏறி உக்காந்தேன்.

ஹேண்ட்பிரேக் முழுசா மேல நின்னது. போதாததுக்கு கியரும் ஃபர்ஸ்டில.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. இறங்கின வேகத்தில அவனுக்க சட்டையைப் பிடிச்சேன்.

"ஏலே, பிரேக்கைப் போட்டு வச்சுக்கிட்டா என்னை இழுக்கச் சொன்ன? ரோப் அறுந்து ஊரு சிரிக்கணும், அதுதானே உனக்கு வேணும்? கூடப் படிச்சவன் செய்யுத வேலையா இது?"

கோலப்பன் என்னை ஒரு ரப்பர் மரத்துப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போனான்.

"சத்தம் போடாத மக்கா. பிரேக் போடாம ரெண்டு தடவை சேத்தில இறக்கிப் பாத்தேன். சனியன், ரெண்டு மட்டமும் தானா ஏறி வந்துட்டு."

"உன்னை யாருலே மாட்டச் சொன்னது?"

அவன் சுத்தி ஒருக்கா பாத்துட்டு எனக்க பக்கமா குனிஞ்சான்.

"உனக்க பெண்டாட்டிதான். காலையில எனக்க வீட்டில வந்து நின்னு அழுதா. 'அண்ணே, உங்க வண்டியை ஒருக்கா சேத்தில மாட்டிக்கிடுங்க, அவரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு'ண்ணு."