சத்தம் போடாத தோடு

"காதைக் கொஞ்சம் காட்டும் பிள்ளை, ஒரு நிமிசம்கூட ஆகாது" எண்டு நான் சொன்னதுதான். மிருணாளினி எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டாள்.

எனக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருந்தது.

ட்ருகனினா எண்ட இடத்தில மிருணாளினியாக்களின்ர புது வீடு. மகனுக்கு மூண்டாவது பிறந்தநாள். புருசன் பிரஷாந்தன் பின் வளவில பாபிக்கியூ போட்டுக்கொண்டு நிக்கிறான். பொம்பிளையள் நாங்கள் ஹோலில.

என்ர கையில வைரம் பார்க்கிற மெசின். ஒன்லைனில எடுத்தனான், ஒரு தடிச்ச பேனை அளவுதான். முனையைக் கல்லில வைச்சா, வைரமெண்டால் லைற் எல்லாம் எரிஞ்சு "பீப்" எண்டு கத்தும். இல்லாட்டி மூச்சும் விடாது.

என்ர சிநேகிதி யோகாவின்ர மூக்குத்தியில வைச்சன். கத்தினது. அதுக்குப் பிறகு அவவைக் கதிரையில பிடிச்சு வைச்சிருக்கேலாமல் போச்சு.

என்ர வைர மோதிரத்தை வீட்டிலயே வைச்சுப் பார்த்திட்டன். அது கத்தேல்லை. அதால அண்டைக்கு அதைப் போட்டுக்கொண்டு வரேல்லை. அந்தக் கதை இஞ்ச ஏன்!

மிருணாளினி போட்டிருந்தது ஏழு கல்லு வைரத்தோடு. அவளின்ர மாமி, சந்திரவதனா அக்கா, கலியாண மேடையில அத்தனை சனத்துக்கு முன்னால தன்ர காதில இருந்ததைக் கழட்டி அவளின்ர காதில போட்டுவிட்டவ. நாங்கள் எல்லாரும் பார்த்து வாயைப் பிளந்தனாங்கள்.

"ஏன் எழும்பி ஓடுறாள்?" எண்டு யோகா மெல்லமாக் கேட்டா. "கல்லை வித்துப்போட்டாளோ? புது வீடு வேற வாங்கியிருக்கினம்."

"சீ, சும்மா இரும்" எண்டன். ஆனா எனக்கும் மனசுக்குள்ள அதுதான் ஓடினது.

சந்திரவதனா அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பாவம், மனுசிக்கு வேர்த்துப் போச்சு.

"சிவாஜினி, அந்த மெசின் சின்னக் கல்லுக்கும் வேலை செய்யுமோ?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா, கடுகளவு கல்லெண்டாலும் பிடிச்சுப்போடும்."

"விடும். சின்னப்பிள்ளையள். அவளை ஒண்டும் கேக்காதையும்."

இப்பிடி ஒரு மாமியாரை எங்க தேடுறது! மருமகள் செய்ததை மூடி மறைக்கப் பார்க்கிறா எண்டு எனக்கு மனம் உருகிப் போச்சு. இதை விடுறேல்லை எண்டு மெசினையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போனன்.

மிருணாளினி ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டாள்.

"பிள்ளை, உள்ளதைச் சொல்லும். மாமி தந்த கல்லை என்ன செய்தனீர்?"

அவள் அடுப்பை நிப்பாட்டினாள். குசினிக் கதவைச் சாத்தினாள். ஒரு தோட்டின்ர சுரையைக் கழட்டி, தோட்டை என்ர கையில வைச்சாள்.

"இப்ப வைச்சுப் பாருங்கோ அன்ரி."

ஒவ்வொரு கல்லா வைச்சன். ஏழிலயும் சத்தமில்லை.

"கடவுளே! வித்துப்போட்டீர்தானே?"

"இல்லை அன்ரி. எனக்குப் போட்டுவிடேக்கயே இதுதான். கலியாணம் முடிஞ்ச மூண்டாம் மாசம் இன்சூரன்சுக்காக ஸ்பிரிங்வேலில ஒரு நகைக்கடைக்குக் கொண்டு போனனான். அங்கயும் இதே மாதிரி மெசினாலதான் பார்த்தவங்கள்."

"ஆறு வருசமாத் தெரியுமோ! மாமியட்டக் கேக்கேல்லையோ?"

"என்னத்தை அன்ரி கேக்கிறது? இவரை ஊரில இருந்து இஞ்ச படிக்க அனுப்பேக்க மாமி அந்த வைரத்தோட்டைத்தான் அடகு வைச்சவ. பிறகு மீட்டிட்டன் எண்டு இவருக்குச் சொல்லிப்போட்டா. இவர் இண்டைக்கும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். தோடு மீளேல்லை எண்டு அந்தக் கடையில நிக்கேக்க எனக்கு விளங்கிட்டுது. அதே மாதிரி ஒண்டைச் செய்விச்சு எனக்குப் போட்டிருக்கிறா. மருமகளை வெறுங்காதோட விடக்கூடாதெண்டு நினைச்சிருப்பா."

"உமக்குத் தெரியுமெண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"அதுக்காக? வெளியில யோகா உம்மைத்தான் கள்ளியாக்கிக்கொண்டு இருக்கிறா!"

"ஆக்கட்டும் அன்ரி. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மறந்திடுவன். மாமி பகல் முழுக்க இந்த ஹோலுக்குள்ளதானே இருக்கோணும். அவ என்னெண்டு ஆக்களின்ர முகத்தில முழிக்கிறது?"

எனக்கு வெக்கமாப் போச்சு. ஆருமில்லாத நேரத்தில என்ர மோதிரத்தை மட்டும் பார்த்து ஒளிச்சு வைச்சவள் நான். ஊராற்ற காதைப் பிடிச்சுப் பார்க்க வெளிக்கிட்டிட்டன்.

"சிவாஜினி, என்னவாம்?" எண்டு யோகா ஹோலில இருந்து கூப்பிட்டா.

மெசினின்ர மூடியைக் கழட்டிப் பற்றரியை எடுத்து ஹாண்ட்பாக்குக்குள்ள போட்டன்.

"பற்றரி செத்துப்போச்சு! இனி இண்டைக்கு ஒண்டும் பார்க்கேலாது!" எண்டு நல்லாக் கேக்கிற மாதிரிக் கத்தினன்.

அந்தப் பக்கம் சந்திரவதனா அக்கா "சரி சரி, வாங்கோ சாப்பிடுவம்" எண்டு சொன்ன குரலில ஒரு சந்தோசம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிட்டுது.

மிருணாளினி தோட்டைத் திரும்பக் காதில போட்டு, சுரையை இறுக்கினாள். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எண்டாலும் பிள்ளை, நல்ல ஏழு கல்லு வைரமல்லோ. வீணாப் போச்சே!"

அவள் சிரிச்சுக்கொண்டு குசினி யன்னலைத் திறந்தாள். வெளியில பிரஷாந்தன், ஒரு கையில மகன், மற்றக் கையில இடுக்கி. கண்ணுக்குள்ள புகை. "அம்மாவுக்குக் கருகாததா ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்" எண்டு ஆருக்கோ சொல்லிக்கொண்டு நிண்டான்.

"எங்க அன்ரி வீணாப் போனது? அந்தா, சொசேஜ் பிரட்டிக்கொண்டு நிக்குது."