இரு நபர் ஜாமீன்

“நீங்க... புகார் குடுத்தவர் இல்ல?”

கயல்விழி கேட்டதும் கோவிந்தசாமி கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாம் மேடம். மஞ்சக்குப்பத்துல எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கேன். அய்யனாருக்கு ஜாமீன் போட வந்திருக்கேன். வீட்டு வரி ரசீது, ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு மச்சானையும் கூட்டியாந்துட்டேன்.”

பின்னால் நின்ற மச்சான் பாலகுமார் வணக்கம் வைத்தார்.

கோர்ட் வராந்தாவில் கயல்விழி அப்படியே நின்றுவிட்டாள். இலவச சட்ட உதவியில் அய்யனாருக்காக ஆஜராகும் வக்கீல் அவள்.

அய்யனாருக்கு வீடு கிடையாது. கோவிந்தசாமியின் கடை வாசலில்தான் மூன்று வருடமாகப் படுத்துக்கொண்டிருந்தார். நவம்பரில் காப்பர் ஒயர் சுருள் ஒன்றைக் காணவில்லை என்று கோவிந்தசாமி போலீசில் எழுதிக் கொடுத்தார். சுருள் கிடைக்கவில்லை. அய்யனார் கிடைத்தார்.

ஐந்தாம் நாளே ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. சொந்த வீட்டுக்கு வரி கட்டிய ரசீதோடு இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். அந்த இரண்டு பேர் கிடைக்காமல் இன்றோடு எண்பத்தொரு நாள் சிறையில் ஓடிவிட்டது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கயல்விழி ஒரு மனு போட்டிருந்தாள். ஒரு முறை நீதிபதி விடுப்பு. இரண்டு முறை வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. புறக்கணிப்பில் அவளும் நின்று கோஷம் போட்டாள்.

டிசம்பரில் மனித உரிமை தினக் கூட்டம் நடந்தது. ‘வீடில்லாமல் இருப்பது குற்றமா?’ என்று அவள் பேசி முடித்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கூட்டத்தை நடத்திய சார்லஸ் சாரிடம் மறுநாளே போய் ஜாமீனுக்கு வீட்டு வரி ரசீது கேட்டாள்.

“கொள்கை வேற, கையெழுத்து வேறம்மா,” என்றார்.

தன் அப்பாவைக் கேட்டாள். “மாப்ள வீட்டுக்காரங்க விசாரிக்கிறப்ப, திருட்டுக் கேஸுக்கு ஜாமீன் நின்னேன்னா சொல்லச் சொல்ற?” என்றார்.

இதற்கு நடுவில் சிதம்பரத்தில் மெஸ் நடத்தும் ஜான்சியிடம் பேசி, அய்யனாருக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவ வேண்டும். சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் தங்க ஓர் அறை. சிறையில் போய்ச் சொன்னபோது அய்யனார் வேறு எதையும் கேட்கவில்லை.

“மேல கூரை இருக்குமா வக்கீலம்மா? மழ வந்தா பாயச் சுருட்டிக்கிட்டு ஓட வேணாம்ல?”

நேற்று ஜான்சி போன் செய்திருந்தார். “நாளைக்குள்ள ஆள் வரலேன்னா வேற ஆளப் போட்டுக்குவேன் மேடம். எத்தன நாள்தான் நானே கழுவுறது?”

அந்த ‘நாளை’தான் இன்று.

“என்ன சார் திடீர்னு?” என்று கோவிந்தசாமியிடம் கேட்டாள்.

“மனசு கேக்கல மேடம். ராத்திரில தூக்கமே இல்ல. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்.”

“அப்ப புகாரையே வாபஸ் வாங்கிடலாமே. சமாதானமாப் போறோம்னு மனு குடுத்தா கேஸே முடிஞ்சிடும்.”

“அதெல்லாம் வேணாம் மேடம். கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். மொதல்ல மனுஷன் வெளிய வரட்டும்.”

நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “புகார் கொடுத்தவரே ஜாமீனா? யாராவது வற்புறுத்தினாங்களா?”

“இல்லீங்கய்யா. என் சொந்த விருப்பம்.”

“உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலை குறையும்,” என்று நீதிபதி கையெழுத்திட்டார்.

மாலை ஐந்தரைக்கு அய்யனார் சிறை வாசலுக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. லுங்கியில் சுற்றிய ஒரு சின்ன மூட்டை கையில்.

கோவிந்தசாமி அதற்கு முன்பே வந்து காத்திருந்தார். அவருடைய வண்டியின் பின்னால் ஒரு புதுப் பாயும் தலையணையும் கட்டப்பட்டிருந்தன. கயல்விழிக்குக் கண் கலங்கியது. சார்லஸ் சாரைக் கையோடு இழுத்து வந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

அய்யனார் கும்பிட்டார். “நான் எடுக்கலீங்க மொதலாளி.”

“அத கோர்ட்டு பாத்துக்கும். சாப்டியா?”

“வாங்கண்ணே, பஸ் ஸ்டாண்டு போயிடலாம்,” என்று அய்யனாரைக் கூப்பிட்டாள் கயல்விழி. “ஏழு மணிக்கெல்லாம் சிதம்பரம் போயிடலாம்.”

“சிதம்பரமா? அங்க எதுக்கு?” என்றார் கோவிந்தசாமி.

அவள் வேலையைப் பற்றியும் அறையைப் பற்றியும் சொன்னாள்.

கோவிந்தசாமி சிரித்தார். “அது சரிப்படாது மேடம். இவன் உள்ள போனதுலேருந்து ரெண்டு வாட்டி ஷட்டர் பூட்ட ஒடச்சிட்டானுங்க. வாட்ச்மேன் போடலாம்னா மாசம் பன்னெண்டாயிரம் கேக்குறான், ரொம்ப ஜாஸ்தி. இவன் வாசல்ல கெடந்த மூணு வருஷமும் ஒரு பய கிட்ட வரல.”

பாயை அவிழ்த்து அய்யனாரின் கையில் கொடுத்தார். “கடை சாத்துறப்ப டாண்ணு வந்துடணும். அதே வாசல்தான்.”

அய்யனார் பாயை வாங்கிக்கொண்டு கயல்விழியைப் பார்த்தார்.

கோவிந்தசாமியும் அவளைத்தான் பார்த்தார்.

“ஒரு நாள் வரலேன்னாலும் நான் போட்ட ஜாமீனத் திருப்பி வாங்கிக்கிட்டு, இவன மறுபடி உள்ள அனுப்பிடலாம்ல மேடம்? சட்டத்துல எடம் இருக்குன்னு மச்சான் விசாரிச்சிட்டு வந்து சொன்னான்.”