லண்டன் பாகு

“அண்ணே, இந்த டப்பாவுல இருந்த மாதிரியே பாகு காச்சித் தர முடியுமா? இல்லாட்டி இந்த வாரமே லண்டனுக்குக் கெளம்பிடுவாங்க போலக்கீது!”

கச்சிராயபாளையத்தில் வெல்லம் காய்ச்சும் ஆதிமூலத்திடம் காலி டப்பாவை நீட்டினாள் பெரியநாயகி. அவள் மகன் ராஜாங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாக லண்டனில் வேலை. வெள்ளைக்கார மனைவி லூசியோடு ஒரு மாத லீவில் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“இது இன்னாம்மா?”

“கோல்டன் சிரப்பாம். ரொட்டியில ஊத்திக்காம ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. கொண்டாந்தது தீந்துபோச்சு. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, எங்கியும் கெடைக்கல. நம்ம சோத்தப் பாத்தாலே மூஞ்சச் சுளிக்குது.”

ஆதிமூலம் டப்பாவின் ஓரத்தை விரலால் வழித்து நக்கினார்.

“அட, நம்ம கரும்புதான்! வெள்ளக்காரப் பொண்ணு, பாவம். நம்ம ஊரு காரம் அதுக்கு எப்படி ஒத்துக்கும்? நான் காச்சித் தரேன், போ.”

பெரியநாயகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

முதல் நாள் காய்ச்சியது தாராகக் கறுத்தது. இரண்டாம் நாள் நிறம் வந்தது. விடிவதற்குள் கல்கண்டாக இறுகிவிட்டது.

“முப்பது வருசமா கொப்பர முன்னால நின்னுக்கினு இருக்கேன். எனக்கே தண்ணி காட்டுதே!”

ஆதிமூலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் வெண்டைச் சாறு விட்டு அழுக்கெடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, தீயைக் குறைத்து, இருந்த இடம் விட்டு நகராமல் கிண்டினார். கரண்டியிலிருந்து தேன் நிறத்தில் வழிந்தது பாகு.

வெள்ளைக்காரி வாயால் ஒரு பாராட்டு கேட்டுவிட வேண்டும் என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அவரே டப்பாவோடு சைக்கிளில் கிளம்பினார். அவள் ‘தேங்க்யூ’ சொன்னால் பதிலுக்கு என்ன சொல்வது என்பதே வழியெல்லாம் யோசனை.

பெரியநாயகி வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேப்பைக் களியைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள் லூசி. ஆளைப் பார்த்ததும் கடித்த பச்சை மிளகாயோடு சிரித்தாள்.

“வாங்க மாமா! களி சாப்புடுறீங்களா?”

ஆதிமூலம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள், உள்ளேயிருந்து அழாத குறையாக ராஜாங்கத்தின் குரல் வந்தது.

“அம்மா, பாகு வந்துடிச்சா? மூணு நாளா வெறும் ரொட்டியத் தின்னுக்கினு கெடக்கறேன்!”